பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பால் கணக்கு குழம்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்: உரக்கடை உரிமையாளர், மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

ஆறு வருடமாக உங்கள் பில்லிங் மென்பொருளைத்தான் என் கடையில் வைத்திருக்கிறேன். சந்தா ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

சம்பா நடவு தொடங்கிவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. மானிய உரத்துக்குக் கைரேகை வாங்கி பி.ஓ.எஸ். மெஷினில் போடுவதற்கே நேரம் போய்விடும். அதனால் பகலில் கையால் பில் எழுதி, ராத்திரி எக்செலில் ஏற்றிக்கொள்வோம். அந்த எக்செலை உங்கள் மென்பொருளுக்குள் அப்படியே ஏற்ற வழி இல்லை. மூன்று முறை கேட்டேன், அடுத்த பதிப்பில் வரும் என்றீர்கள். கடைசியில் என் அக்கா மகன் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சின்ன புரோகிராம், எழுதிக் கொடுத்தான். அது உங்கள் விண்டோவைத் தலைப்பை வைத்துக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவரும். அப்புறம் ஆள் உட்கார்ந்து தட்டுவது போலவே பெயர், டேப், பொருள், டேப், அளவு, என்டர் என்று தட்டிக்கொண்டே போகும். நாங்கள் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அன்றைய பில் முழுக்க ஏறிவிடும்.

சென்ற மாதக் கடைசியில் உங்கள் புதிய பதிப்பு தானாகவே ஏறியது. அன்று ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடியது, ஒரு எழுத்துகூட விழவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. உங்கள் உதவி எண்ணில், அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். இரண்டு தடவை செய்தும் பலனில்லை. காரணத்தை அக்கா மகன்தான் கண்டுபிடித்தான். புதிய பதிப்பு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு, அதாவது கணினியின் அமைப்பையே மாற்றக்கூடிய கூடுதல் அனுமதியோடு, திறக்கிறது. என் ஸ்கிரிப்ட் சாதாரண அனுமதியில்தான் ஓடுகிறது. குறைந்த அனுமதியில் ஓடும் புரோகிராம், கூடுதல் அனுமதி உள்ள விண்டோவுக்கு விசைகளை அனுப்பினால், விஸ்டா என்ற பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸ் அதைத் தடுத்துவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடு, அதில் எனக்குக் குறையில்லை. பில் போடுகிற மென்பொருளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி எதற்கு?

சரி என்று ஸ்கிரிப்டையும் அதே அனுமதியில் ஓட்டினோம். விசைகள் விழுந்தன, ஆனால் இடம் மாறி விழுந்தன. பொருளுக்கும் அளவுக்கும் நடுவில் தள்ளுபடி சதவீதம் என்று புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள். 6 மூட்டை டி.ஏ.பி. உரம் வாங்கியவருக்கு அந்த 6 தள்ளுபடியில் போய் உட்கார்ந்தது. அளவில் தானாக இருக்கும் 1 அப்படியே நின்றது. மூன்று நாள் கழித்து குடோனில் மூட்டை எண்ணும்போதுதான் தெரிந்தது: கணக்கில் இருப்பு இருக்கிறது, குடோனில் மூட்டை இல்லை. 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். நானும் என் மனைவியும் நான்கு ராத்திரி கண்விழித்து ஒவ்வொரு பில்லாகத் திருத்தினோம்.

ஸ்கிரிப்ட் போட்டது என் தவறு என்கிறார் உங்கள் ஆள். என் கடைப் பையனும் திரையைப் பார்க்காமல்தான் தட்டுவான். அவன் கையாலும் இதே தப்புதான் விழுந்திருக்கும்.

புதுக் கட்டத்தை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்பதை நீக்குங்கள். இனி எந்தக் கட்டத்தை மாற்றினாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். எக்செல் ஏற்றும் வசதி எப்போது வரும் என்று தேதியோடு எழுத்தில் பதில் வேண்டும். தாளடி நெல் சாகுபடிக்கு உரம் வாங்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், அதனால் பழைய பதிப்பையாவது இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உரக்கடை உரிமையாளர், மன்னார்குடி