நூறை நெருங்கும் வீட்டுச் சாமான்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய குடையும் காகித விளக்கும் வைக்கோல் செருப்பும் உயிர்பெற்று எழும் ஜப்பானியக் கதைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாகத் துள்ளும் குடையின் படத்தை என் பேரப்பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார்கள். ஆயினும் 'விநோதப் பேய்கள்' என்ற தலைப்பு, அந்தப் பொருள்கள் ஏன் எழுந்தன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது என்பது என் வருத்தம். செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டின் சாவிக்கொத்தை வைத்திருப்பவள் என்ற முறையில், விடுபட்ட பகுதியை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானியர் இந்த ஆவிகளைச் 'சுகுமோகாமி' என்பர். 'சுகுமோ' என்பது தொண்ணூற்றொன்பதைக் குறிக்கும் பழஞ்சொல். ஒரு கருவி நூறாண்டு இருந்துவிட்டால் அதற்குள் ஆவி குடியேறி மனிதரை அலைக்கழிக்கும் என்று நம்பியதால், ஆண்டுதோறும் வசந்தம் பிறக்குமுன் வீட்டின் கரியைத் துடைத்துப் பழைய சாமான்களைத் தெருவில் எறிந்துவிடுவார்கள் என்று, முரோமாச்சிக் காலத்தில் (1336–1573) தோன்றிய ஒரு சித்திரச்சுருள் கதை தொடங்குகிறது. 964 முதல் 968 வரையிலான ஆண்டுகளில் நடந்ததாக அந்தக் கதை சொல்லப்படுகிறது. அவ்வாறு எறியப்பட்ட பொருள்கள் ஒன்றுகூடிப் பேசுகின்றன. இத்தனை காலம் இந்த வீடுகளுக்கு உழைத்தோமே, அதற்கு ஒரு கைம்மாறும் செய்யாமல் வழியோரத்தில் போட்டு மாட்டுக் குளம்பிலும் குதிரைக் குளம்பிலும் மிதிபட வைத்தார்களே என்பதுதான் அவற்றின் மனக்குறை. அந்த இடத்தை நான் இருமுறை படித்தேன்.

அக்கூட்டத்தில் இருந்த ஒரு ஜபமாலை மட்டும் பகை வேண்டாம் என்று சொல்லி அடிபட்டு வெளியேறுகிறது. மற்றவை உருமாறிக் கியோட்டோ நகருக்கருகே ஒரு மலைப்புறத்தில் தங்கி, மனிதரையும் கால்நடைகளையும் கவர்ந்து உண்டு அட்டூழியம் செய்கின்றன. முடிவில் மந்திர வலிமைக்கு அடங்கிய அவை, தாம் அடித்து விரட்டிய அதே ஜபமாலையைத் தேடிப் போய்க் குருவாக ஏற்று, பௌத்த நெறியில் நின்று முத்தி அடைகின்றன. ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவின் பெருமையைச் சொல்ல எழுந்த கதை இது. உயிரற்றது என்று நாம் ஒதுக்கும் பொருளுக்கும் முத்தி உண்டு என்று சொல்லத் துணிந்த அந்த மனத்தை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

இன்றும் அந்நாட்டில், பிப்ரவரி 8 அன்று (சில ஊர்களில் டிசம்பர் 8), உடைந்த தையல் ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், கடினமான துணியையே தைத்துத் தேய்ந்த அவை இனியாவது மெத்தென்று ஓய்வெடுக்கட்டும் என்று, சோயாப் பாலை உறையவைத்துச் செய்த மிருதுவான கட்டியில் குத்தி வைத்து நன்றி சொல்லும் வழக்கம் உண்டு.

இவை நமக்கு அந்நியமான எண்ணங்கள் அல்ல. விளக்கு அணைந்தது என்று எங்கள் அப்பத்தா ஒருநாளும் சொன்னதில்லை. 'விளக்கைக் குளிர வை' என்றுதான் சொல்வார்கள். சுளகில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், உரலில் உட்காரக் கூடாது. ஆயுத பூசையன்று தராசுக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. படைப்பு வீட்டில், முன்னோருக்கென்று வைத்த சேலையையும் வேட்டியையும் பேழையிலிருந்து எடுத்து வைத்து, அவர்களே வந்து அமர்ந்ததாகக் கொண்டு விழுந்து வணங்குகிறோம். இத்தனையும் செய்கிற நாம்தான் போகிக்கு முதல் நாள் சாமான் அறையைத் திறந்து எடைக்குப் போடுகிறோம்.

எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தது 1927ஆம் ஆண்டு. முகப்புச் சுவரில் பதித்திருக்கும் பூ ஓடுகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தவை. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இத்தகைய ஜப்பானிய ஓடுகளை இன்றும் பார்க்கலாம். அந்நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஓடுகளும், பர்மாத் தேக்குத் தூண்களும், ரங்கூனிலிருந்து வந்த, அரக்குப் பூசிய மரப் பாத்திரங்களான மரவைகளும், அப்பத்தாவுக்குச் சீராக வந்த பித்தளைச் சம்படங்களும் நூறை எட்டும் தறுவாயில் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் இதே வயதில் எத்தனை ஆயிரம் சாமான்கள் பூட்டிய அறைகளுக்குள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்காளிகள் கூடி வீட்டின் இரண்டாங்கட்டுப் பகுதியைக் காலி செய்ய முடிவெடுத்தபோது நானும் தலையசைத்தேன். 'இதெல்லாம் வச்சு என்ன ஆச்சி செய்யப் போறீக?' என்று வாங்க வந்தவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே பிற்பகலில் மரவைகளில் பாதியும், மூடியில் அப்பத்தாவின் பெயரெழுத்துப் பொறித்த சம்படங்களும் வண்டியேறிவிட்டன. கனம் காரணமாக ஆட்டுக்கல்லை மட்டும் தெருமுனையில் இறக்கிப் போட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் சேறு மிதிக்காமல் தாண்ட அதன்மேல் கால் வைத்துப் போனார்கள். அதன் குழியில் ஆடு தண்ணீர் குடித்தது. எத்தனை கலியாணத்துக்கு மாவாட்டிய கல் அது! ஜப்பானியச் சுருளில் குளம்படி பட்ட பொருள்களின் புலம்பலைப் படித்தபோது என் கண்முன் வந்தது அந்தக் கல்தான்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடு மாற்றவும், ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிக்கவும் பணம் வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இவற்றை வைத்துக் காக்க இடமும் இல்லை. என் வேண்டுகோள் சிறியது. கலியாணத்தில் பரப்பிய சாமான்களுக்குப் பட்டியல் எழுதிய குடும்பங்கள் நாம். வீட்டைவிட்டுப் போகும் சாமானுக்கும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுவோம்: இது யாருக்குச் சீராக வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது, யார் கையால் தேய்ந்தது. போகிறபோது துடைத்துப் பொட்டிட்டு அனுப்புவோம். அந்த நான்கு வரிகளை வாசகர்கள் ஒரு படத்தோடு எழுதியனுப்பினால், வாரம் ஒரு பொருளாகத் தாங்கள் வெளியிட இயலுமா என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் போகிக்கு முன்பே தொடங்கினால் சில அறைகளாவது பார்த்துத் திறக்கப்படும்.

தெருமுனையில் கிடந்த ஆட்டுக்கல்லை, நான்கு ஆட்களை வைத்துப் புரட்டிக் கொண்டுவந்து கிணற்றடியில் நிறுத்திவிட்டோம். குழவி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
கானாடுகாத்தான்.