கொல்லன் தெருவிலிருந்து கரி ஊருக்கு

நியூகாசில்,
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "நர்ஸ் படிப்பு முழுக்க இங்கிலீஷ்லதான படிச்ச, அங்க போயி பாஷை புரியலங்கிறியே" என்று கேட்டீர்கள். அப்போது எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வந்த முதல் மாதம் நடந்தது. வார்டில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி, பெட்" என்றார். (இந்த ஊர்க் கிழவிகள் எல்லாரையும் 'பெட்' என்பார்கள், நம் அப்பத்தா 'ஏ தங்கம்' என்கிற மாதிரி.) ஒரு பென்னி செலவழிக்க வேண்டுமாம். கீழே கடையில் ஏதோ வாங்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து அவருடைய பர்ஸை எடுத்து நீட்டினேன். பர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது.

விரிப்பை மாற்றும்போது கூட இருந்த நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்: ஒன்றுக்குப் போவதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கட்டணக் கழிப்பறை வைத்தார். ஆளுக்கு ஒரு பென்னி. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்துப் போயிருக்கிறார்கள். பிற்பாடு ஊரூருக்கு வந்த பொதுக் கழிப்பறைகளிலும் பூட்டில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும். அந்தப் பழைய பென்னியே 1971-இல் செல்லாமல் போய்விட்டது. கிழவிகள் மட்டும் இன்னும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பத்தா "கொல்லைக்குப் போயிட்டு வாறேன்" என்றால் ஒரு வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்? செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார் என்றுதானே. எனக்கும் அப்படித்தான் அப்பா. வார்த்தை ஒவ்வொன்றும் தெரியும், சேர்த்துச் சொன்னால் தெரியாது.

அதே வார்டில் ஒரு தாத்தா இருந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் கரி வெட்டியவர். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கும், ஆனாலும் பேச்சை நிறுத்தமாட்டார். அவருக்கு ஒருநாள் இஞ்சி டீ எப்படிப் போடுவது என்று நான் விளக்கப்போக, "நியூகாசிலுக்கே கரி கொண்டு வாறியா?" என்றார். நம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிற' கதைதான்! இந்த ஊரின் டைன் ஆற்றுத் துறையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் லண்டனுக்குக் கப்பல் கப்பலாகக் கரி போயிருக்கிறது. இங்கே வந்து கரி விற்பவனைவிட முட்டாள் உண்டா? ஆனால் இந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் எல்லிங்டனில் 2005-லேயே மூடியாகிவிட்டது. இப்போது யாராவது கரி கொண்டுவந்தால் வாங்க ஆள் இருக்கலாம். இதைச் சொன்னபோது தாத்தா சிரிக்கவில்லை.

கேனரிக் குருவி பற்றியும் அவர்தான் சொன்னார். சுரங்கத்தில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளுக்குத் தெரியாமலே கொல்லும். அதனால் கேனரியைக் கூண்டில் வைத்து உள்ளே கொண்டுபோவார்களாம். சின்ன உடம்பு என்பதால் குருவி முதலில் மயங்கி விழும். அதைப் பார்த்ததும் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். 1986-இல்தான் குருவிக்குப் பதில் கருவி வந்ததாம். வரப்போகிற ஆபத்தை முன்னால் காட்டும் எதையும் 'சுரங்கத்துக் கேனரி' என்கிறார்கள். டிவியில் மந்திரிகள் அந்த வார்த்தையை அலட்சியமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூண்டு ஞாபகம் வரும்.

உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தது இனிமேல்தான். திருப்பாச்சேத்திப் பட்டறையை அப்படியே இங்கிலீஷுக்குள் தூக்கிவைத்திருக்கிறார்கள் அப்பா. ஒரே நேரத்தில் நாலு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டால், 'உலையில் ரொம்ப இரும்பு' என்பார்கள். முதல்முறை கேட்டபோது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துருத்தி போடச் சொல்லி உட்காரவைத்தீர்களே, நான் வேடிக்கை பார்த்ததில் மூன்று அரிவாளுக்கான இரும்பில் ஒன்று பொறி பறந்து கருகி, அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். 'சூட்டோடு இரும்பை அடி' என்பதை 600 வருஷத்துக்கு முன்பே சாசர் என்ற இங்கிலீஷ் கவிஞர் எழுதிவிட்டார். இரண்டு பேர் மூர்க்கமாகச் சண்டை போட்டால் 'சுத்தியலும் குறடுமாக' மோதுகிறார்களாம். சித்தப்பாவும் நீங்களும்தான் நினைவுக்கு வந்தீர்கள்.

எல்லாவற்றையும் நம்பிவிடவும் முடியாது. மழை கொட்டினால் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்பார்கள். அந்தக் காலத்தில் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்று ஒருத்தி கதை விட்டாள். நாமும் கூரை வீட்டில் இருந்தவர்கள்தானே? தூறல் விழுமுன்பே பூனை திண்ணைக்கு வந்துவிடும். கூரையில் ஏறிய நாயை நான் பார்த்ததே இல்லை. 'கறி ஃபேவர்' என்று காக்காய் பிடிப்பதைச் சொல்வார்கள். நம் கறிக்குழம்பு கொடுத்து வேலை சாதிப்பது என்று நான் நினைத்திருந்தேன். இங்கே 'கறி' என்றால் குதிரையைத் தேய்த்துவிடுவது. ஃபோவெல் என்ற பழைய பிரெஞ்சுக் கதைக் குதிரையைத் தேய்த்துவிட்ட கதையாம் அது. குழம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரியில் இங்கே வருகிற பிள்ளையிடம் என்ன கொடுத்துவிடட்டும் என்று அம்மா கேட்டாள். நீங்கள் அடித்த சின்ன அரிவாள்மனை ஒன்று கொடுத்துவிடுங்கள். என் சமையலறைக் கத்தியில் ஷெஃபீல்டு என்று முத்திரை இருக்கிறது, இந்த நாட்டின் திருப்பாச்சேத்தி அது. அதை வைத்து ஒரு தேங்காய் துருவ முடியவில்லை. கைப்பையில் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில், துணிக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

அன்பு மகள்