ஞாயிறு கிங்ஸ்டன் போகிறோம்

எல்லாருக்கும் வணக்கம். காலை 9.30க்கு லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துப் பெரிய கடிகாரத்தின் கீழே கூடுவோம். கிங்ஸ்டனுக்கு ரயிலில் அரைமணி நேரம்தான்.

925இல் ஆங்கிலேய மன்னர் அதெல்ஸ்டன் முடிசூடிய ஊர் அது. முடிசூட்டுக் கல்லையும், வரிசையாகச் சரிந்து கிடக்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளையும் பார்ப்போம். அங்கேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், சரியா? பெரும்பகுதி நேரம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குத்தான். தேம்ஸ் கரையோரமாக நடந்தே போகலாம். கால்வலிக்காரர்களுக்கு 111 பேருந்து இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் சமையல்கட்டைவிட எனக்குப் பிடித்தது 1768இல் நட்டு இன்றும் காய்க்கும் திராட்சைக்கொடி. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் புஷி பூங்கா. மான்களுக்கு முறுக்கு நீட்ட வேண்டாம். 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.