சகாய மாதா கோவிலை வரையும் முன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நம் மொரீஷியஸ் தீவின் வடமுனையில் இருக்கும் காப் மலேரே ஊரின் மாதா கோவிலை உன் லியோன் வீட்டுக்காக வரைந்து தருகிறேன் என்று சொல்லி எட்டு மாதமாகிறது. நான் சோம்பி இருந்துவிடவில்லை. நீ டிசம்பர் விடுமுறையில் கைபேசியில் எடுத்த படங்களையும், நான் ஜூலையில் மூன்று நாள் புல்தரையில் உட்கார்ந்து பென்சிலால் போட்ட கோட்டுப் படங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அண்ணாந்து எடுத்ததால் உன் படங்களில் சுவர்கள் மேலே போகப் போக உட்புறமாகச் சாய்கின்றன. அப்படியே பெயர்த்து வரைந்தால், 1938இல் கட்டி இன்றுவரை நேராக நிற்கும் கோவிலை நான் சாய்த்தவனாவேன். அதனால் சுவர்களின் நிமிர்வை என் கோட்டுப் படத்திலிருந்தே எடுத்துக்கொண்டேன். பின்னால் கடலில் நிற்கும் குவான் தெ மீர் தீவும் கைபேசியில் மிகச் சிறுத்துவிட்டது. பீரங்கிக்கு அடியில் செருகும் ஆப்பைப் போன்ற அதன் வடிவம்தான் அந்தப் பெயருக்கே காரணம். அந்தச் சரிவு தெரியாவிட்டால் இது வேறு ஏதோ ஊராகிவிடும். சிவப்புக் கூரையோ, உன் படங்களில் மேடுபள்ளம் எதுவும் தெரியாமல் ஒரே பூச்சாக இருக்கிறது. வெயிலில் ஆரஞ்சாகவும் விளிம்பில் அரக்காகவும் அது மாறும் இடங்களை நான் ஓரத்தில் எழுதி வைத்திருப்பது நல்லதாயிற்று.

என்னை மிகவும் அலைக்கழித்தது நிழல்தான். சாலைப் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் நாம் பார்ப்பது வடக்கு. ஜூலை நண்பகலில் சூரியன் அந்த வடக்கு வானில் சாய்ந்திருப்பதால் கோவிலின் நிழல் நம்மை நோக்கிப் புல்லில் நீள்கிறது; நம் பக்கத்து வெள்ளைச் சுவர் நீலம் பாய்ந்து கிடக்கிறது. டிசம்பரிலோ சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. நிழல் காலடியிலேயே சுருண்டுவிடுகிறது. ஒரு மாதத்தின் சுவரையும் இன்னொரு மாதத்தின் புல்லையும் ஒரே தாளில் சேர்த்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பொய் என்று பட்டுவிடும்.

சிறு தாள்களில் இரண்டு வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பார்த்தேன். படமாக ஜூலைதான் அழகு. ஆனாலும் டிசம்பரையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் மூன்றாவது படத்தில் சுவரோரமாக அம்மா நமக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறாள். ஜூலை வெயிலில் அவளை நிறுத்தினால் ஏறக்குறைய அவள் உயரத்துக்கு ஒரு நிழலை நான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கும். அவளைப் பற்றி எதையும் இட்டுக்கட்ட எனக்கு மனமில்லை.

தாளை நனைத்துப் பலகையில் ஒட்டிவிட்டேன். கட்டம் போடுவது மட்டும் பாக்கி. அந்த மூன்றாவது படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்பு. அம்மாவின் கையில் இருப்பது மடக்கிய குடையா, நீ மணலில் நடக்கக் கழற்றிக் கொடுத்த செருப்பா என்பது இதில் தெரியவில்லை. கேட்டால், நினைவில்லை என்கிறாள்.

உன் அப்பா