'டார்க்' உறைக்குள் 'லைட்' தாள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தையல் கடை உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: இன்க்ஜெட் துணி டிரான்ஸ்ஃபர் தாள், ஏ4, பத்துத் தாள் கொண்ட பாக்கெட் இரண்டு – உறையில் ஒன்று, உள்ளே வேறொன்று.

ஐயா,

வணக்கம். படத்தை அச்சடித்து, அயர்ன் பாக்ஸால் தேய்த்துத் துணியில் ஒட்டும் உங்கள் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபர் தாள் பாக்கெட் இரண்டை ஆன்லைனில் வாங்கினேன். உறையில் கொட்டை எழுத்தில் 'டார்க் துணிகளுக்கு', அதாவது அடர்நிறத் துணிகளுக்கு, என்று அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது லைட், அதாவது வெளிர்நிறத் துணிக்கான தாள். என் புகார் இவ்வளவுதான். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி இதைக் காதில் வாங்கவே இல்லை. "உங்க அயர்ன் பாக்ஸ் சூடு பத்தலை மேடம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

அந்தத் தம்பிக்கு லைட், டார்க் வித்தியாசம் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவருக்காகவும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளை வரும் இடத்தில் பிரிண்டர் எதையும் அடிக்காமல் விட்டுவிடும். லைட் தாளின் மேல்பூச்சு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் படலம். அதனால் அச்சடிக்காத இடத்தில் துணியின் நிறமே தெரியும். வெள்ளைப் பனியனுக்கு அது போதும். படத்தை இடம்வலம் மாற்றி அச்சடித்து, தாளைத் துணிமேல் கவிழ்த்துத் தேய்த்து, பின்தாளை உரிக்க வேண்டும். டார்க் தாளில் கெட்டியான வெள்ளைப் படலம் இருக்கும். படத்தை மாற்றாமல் நேராகவே அச்சடித்து, பின்தாளை முதலிலேயே உரித்துவிட்டு, படம் மேலே தெரிய துணியில் வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டுக்கும் செய்முறையே நேர் எதிர். நல்ல டார்க் தாளின் மூலையை நகத்தால் கிளறினால் வெள்ளைப் படலம் ரப்பர் போல எழும்பி வரும். உங்கள் தாளின் மூலையை எப்படிக் கிளறினாலும் வெறும் தாள்தான் கிழிகிறது.

கிழிந்ததைப் பார்த்ததும் சந்தேகம் வந்து, அச்சடிக்கும் முன்பே உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கேட்டேன். "இது புது மாடல், உரிக்கத் தேவையில்லை, உள்ளே உள்ள தாளில் சொல்லியபடி செய்யவும்" என்று பதில் வந்தது. அந்தச் செய்முறைத் தாளும் படத்தை இடம்வலம் மாற்றி அச்சடித்து, கவிழ்த்துத் தேய்க்கத்தான் சொல்கிறது. அதாவது தாளும் லைட், செய்முறையும் லைட், உறை மட்டும் டார்க். கிட்டங்கியில் யாரோ உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பது தையல்காரிக்கே புரிகிறது.

வந்திருந்த ஆர்டர், பொங்கல் விளையாட்டுக்காக ஒரு கபடிக் குழுவின் கருநீல டி-ஷர்ட்டுகள். மார்பில் மஞ்சள் காளை, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, கீழே மஞ்சளில் குழுவின் பெயர். உங்கள் ஆள் சொன்னபடியே ஒரு டி-ஷர்ட்டில் போட்டுப் பார்த்தேன். பின்தாள் சுலபமாக உரிந்து வந்தது. காளையைத்தான் காணோம். வெள்ளைக் கோடு இருந்த இடம் கருநீலம். மஞ்சள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை பட்டதுபோல ஒரு மினுமினுப்பு. சட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கொம்பு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. ஆர்டர் கொடுத்த பையன், "அக்கா, இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

இனி, சூடு போதவில்லை என்ற உங்கள் பதிலுக்கு வருகிறேன். அதே பாக்கெட்டிலிருந்து எடுத்த தாளில், அதே படத்தை அச்சடித்து, அதே அயர்ன் பாக்ஸால் ஒரு வெளிர்மஞ்சள் தாம்பூலப் பையில் தேய்த்தேன். நீராவி இல்லாத பெட்டி, திருகு காட்டன் குறியில், அடியில் மெத்தை இல்லாத மரப்பலகை. ஓரம்கூட எழும்பாமல் ஒட்டியது. காளையின் கண், கொம்பு எல்லாம் துல்லியம். வெள்ளைக் கோடு மட்டும் பையின் நிறத்தில் இருக்கிறது. சூடு குறைந்தால் படம் ஒட்டாது, ஓரம் உரியும். ஒட்டிய படத்தில் வெள்ளை மட்டும் காணாமல் போகுமா? இரண்டின் படங்களையும் இணைத்திருக்கிறேன். கடிதத்தைப் படிக்க நேரமில்லை என்றால் அந்த இரண்டு படங்களையாவது பாருங்கள்.

பாக்கெட்டைத் திருப்பி எடுக்கச் சொன்னதற்கு, சீல் பிரித்துவிட்டதால் முடியாது என்றார்கள். சீல் பிரிக்காமல் உள்ளே எந்தத் தாள் இருக்கிறது என்று பார்க்கும் வழி இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை அப்படியே பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'இன்க்ஜெட், லேசர் இரண்டுக்கும் ஏற்றது' என்று இருக்கிறது. எங்கள் கடை வரிசையில் உள்ள ஜெராக்ஸ் கடை அண்ணன் அந்தத் தாளைத் தடவிப் பார்த்த உடனே, "இதை என் மிஷின் பக்கமே கொண்டு வராதம்மா" என்றார். அவர் பயம் நியாயமானது. லேசர் பிரிண்டரில் தூள் மையை உருக்கித் தாளில் பதிக்கும் உருளை ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். இன்க்ஜெட் தாளின் பூச்சோ அயர்ன் பாக்ஸ் சூட்டுக்கே உருகித் துணியில் ஒட்டுவதற்காகச் செய்தது. அது அந்த உருளையில் போனால் உள்ளேயே உருகிச் சுற்றிக்கொள்ளும். லேசருக்கென்று தனித் தாள் விற்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் நஷ்டம் ஒரு டி-ஷர்ட்டு, சில தாள்களின் விலையோடு போகும். அந்த வரியை நம்பி ஒருவர் மிஷினில் விட்டால் அவர் தொழிலே நின்றுபோகும். அந்த வரியை உடனே எடுங்கள்.

மையைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டதும் உண்டு. மையை ஊற்றி நிரப்பும் வீட்டு டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கருப்பு மட்டும் தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை, மற்ற வண்ணங்கள் தண்ணீரில் கரையும் டை மை. டை மை தண்ணீர் பட்டால் கசியும். நான் பிக்மென்ட் மைதான் போடுகிறேன், எனவே இது என் புகாரில் சேராது. ஆனாலும் முதல் சலவையிலேயே சாயம் ஓடி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

பாக்கெட்டில் தயாரித்த மாதம், வருடம் இல்லை. புகார் சொல்லும் முகவரியும் இல்லை. இந்தக் கடிதத்துக்கான முகவரியையே இணையத்தில் தேடித்தான் எடுத்தேன். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை உறையில் இருந்தாக வேண்டும்.

நான் கேட்பது: இரண்டு பாக்கெட்டின் முழு விலை, வீணான டி-ஷர்ட்டின் விலை, வேறு கடையில் அவசரமாக டார்க் தாள் வாங்கியதில் கூடுதலாகக் கொடுத்த தொகை. ரசீதுகளில் எல்லாம் இருக்கிறது. மீதித் தாள்கள் என்னிடம் பத்திரமாக உள்ளன. கூரியர் செலவு உங்களுடையது என்றால் அனுப்பி வைக்கிறேன்.

கடை வைத்திருப்பவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார் என்று பதில் எழுத வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தைப் பாருங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. நான் வேலைக்கு ஆள் வைத்திருக்கவில்லை. தைப்பதும் தேய்ப்பதும் நானேதான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் பணமும் வர வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதால் உங்கள் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை.

ரசீதுகளின் நகல், உறையின் இருபக்கப் படங்கள், செய்முறைத் தாள், டி-ஷர்ட் மற்றும் தாம்பூலப் பையின் படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தையல் கடை உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம்.