நீயும் மேலாளர் ஆகிவிட்டாய்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றம் வந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது, கோபிக்காதே.

மேலாளர் ஆனதற்கு வாழ்த்துகள். ஆனால் கடிதத்தில் பாதி புலம்பல்! நாள் முழுக்க ஓடியும் மாலையில் என்ன செய்தோம் என்றே தெரியவில்லை என்கிறாய். இது உன் குறை இல்லை. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஐந்து தலைமை நிர்வாகிகளோடு ஆளுக்கு ஒரு வாரம் இருந்து கவனித்து, 1973-ல் அதை வெளியிட்டார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லையாம். கைப்பேசி வருவதற்கு முன்பே அந்தக் கதி.

பரீட்சைக்கு நாம் உருப்போட்ட மேலாளரின் ஐந்து பணிகள் ஞாபகம் இருக்கிறதா? திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். அதைச் சொன்ன ஹென்றி ஃபயோலை ஏதோ கல்லூரிப் பேராசிரியர் என்றே நினைத்திருந்தேன். சுரங்கப் பொறியாளராம். திவாலாகும் நிலையில் இருந்த ஒரு சுரங்க நிறுவனத்தின் தலைமையை 1888-ல் ஏற்று நிமிர்த்தியவர். 1916-ல், எழுபத்தைந்து வயது வாக்கில்தான் அந்த ஐந்தையும் எழுதி அச்சிட்டார். பட்டபின் எழுதியது!

அந்த ஐந்தில் கடைசியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். ஃபயோல் எழுதிய பிரெஞ்சுச் சொல்லுக்குச் சரிபார்த்தல் என்றுதான் பொருள். போட்ட திட்டமும் நடந்த வேலையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். தமிழில் கட்டுப்படுத்துதல் என்று படித்ததாலோ என்னவோ, முதல் வருடம் முழுக்க ஆட்களைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், ஏன் எழுந்து போனார், இந்தக் கடிதத்தில் ஏன் இந்த வார்த்தை... ஒருவர் முடித்துக் கொடுத்த அறிக்கையை இரவு உட்கார்ந்து நானே திருப்பி எழுதினேன். மூன்றாவது முறை அவர் அரைகுறையாகவே கொடுத்தார். எப்படியும் நீங்கள் மாற்றத்தானே போகிறீர்கள் என்றார். சுருக்கென்றது.

அப்புறம்தான் உறைத்தது: எதை, யார், எப்போது முடிக்க வேண்டும் என்று முதலில் நான் சொல்லவே இல்லை. திட்டம் இல்லாதவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் ஏது? ஆளைத்தான் பார்ப்பான்.

ஆள் எடுப்பதை ஃபயோல் தனியாகச் சொல்லவில்லை. 1937-ல் லூதர் குலிக் என்ற அமெரிக்க நிர்வாக அறிஞர் ஏழு பணிகளாக விரித்தபோது அதையும் சேர்த்துக்கொண்டார். என் அனுபவத்தில் அது பாதி வேலை. உனக்குக் கிடைத்திருப்பது ஏற்கெனவே இருக்கும் குழு, அதனால் இப்போதைக்கு விடு.

உன் குழுவில் இரண்டு பேர் சண்டை போடுவதாக எழுதினாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். இருவரும் ஒரே வேலையைத் தன்னுடையது என்கிறார்கள் என்றால், சமாதானம் பேசுவதற்கு முன் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தாயா என்று பார். நீ கொடுக்கவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன். பள்ளியில் கபடி அணித் தலைவனாக இருந்தபோதும் இதையேதான் செய்தாய்!

அந்த விவகாரம் என்ன ஆனது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்