‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பதற்ற நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததும் பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தேன். அதில் என் கணவரின் இசிஜி தாள்கள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் ‘நார்மல்’.

அவருக்கு 42 வயது, லேத் பட்டறை வைத்திருக்கிறார். முதல் தடவை மதுரை பஸ்ஸில்தான் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்து, விரல்கள் மரத்து, “நான் போயிடுவேன் போல இருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொடைரோட்டில் இறங்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். “ஹார்ட்ல ஒண்ணுமில்ல, டென்ஷன் ஆகாதீங்க” என்று வாய்வு மாத்திரை தந்து அனுப்பினார்கள். ஒன்றுமில்லாததற்கா ஒரு மனுஷன் அப்படி வியர்த்துக் கொட்டுவார்?

ஐந்தாவது முறை ஓர் இளம் டாக்டர் உட்கார்ந்து பேசினார். தைராய்டும் பார்க்கச் சொல்லிவிட்டு, “இது பானிக் அட்டாக், திடீர்னு வர்ற கடும் பயம். பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போய்த் தானா இறங்கும். வேகமா மூச்சு விடுறதால ரத்தத்துல கரியமில வாயு குறையுது, அதான் விரல் மரத்துப்போகுது” என்றார். நோய்க்குப் பெயர் தெரிந்த அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

உங்கள் கட்டுரை யோகா, நடைப்பயிற்சி, நல்ல எண்ணம் என்று விரிவாகச் சொல்லிவிட்டு, சிகிச்சையை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதில்தான் எனக்கு வருத்தம். மனநல மருத்துவர் கொடுத்த செர்ட்ராலின் என்ற பதற்ற நோய் மாத்திரை வேலை செய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் வாரம் படபடப்பு கூடினாற்போல்கூட இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் இருந்தோம். தெரிந்தவர் ஒருவர் அல்பிரசோலம் என்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போடச் சொன்னார். அது உடனே அடக்கும்தான், ஆனால் பழக்கமாகிவிடும், டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

அப்புறம் பயிற்சி. உளவியலாளர் அவரை மாடிப்படி ஏறி இறங்கவைத்து, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைத்தார். படபடப்பு வந்தால் உயிர் போகாது என்று உடம்பே கற்றுக்கொள்ளத்தானாம். பிறகு பஸ். முதலில் சின்னாளப்பட்டி வரை, அடுத்து கொடைரோடு, அப்புறம் வாடிப்பட்டி.

என் தவறையும் சொல்ல வேண்டும். பத்து மாதம் பட்டறைச் சாமான் வாங்க அவருக்குப் பதில் நானே மதுரைக்குப் போய்வந்தேன். பாசம் என்று நினைத்தேன். அந்தப் பயத்துக்கு நானும் தீனி போட்டிருக்கிறேன்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இசிஜி நார்மல் என்றால், ‘மனநலப் பிரிவில் காட்டுங்கள்’ என்று அதே சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் ‘டெலிமானஸ்’ மனநல உதவித் தொலைபேசி எண் 14416-ஐ, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம் என்ற குறிப்போடு நீங்கள் இதழ்தோறும் அச்சிட்டால் நன்றாக இருக்கும்.

போன வாரம் அவர் தனியாக மதுரை போய் வந்தார். வாடிப்பட்டி தாண்டும்போது படபடப்பு வந்ததாம். இறங்காமல் உட்கார்ந்தே இருந்தாராம்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்